அடைக்கலமாக வந்த இரகசியம்

பிள்ளையைச் சட்டக் கல்லூரியில் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு வீட்டில் எழும்போது, பெரியவர் ஒருவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "பொய் சொல்லாமல் வக்கீல் தொழில் நடக்குமா?" கேட்பவர் விடையை எதிர்பார்ப்பதில்லை; நடக்காது என்ற முடிவோடுதான் கேட்கிறார். இக்கேள்விக்கு விடை கூறுதல் அத்துணைக் கடினமன்று என்பது நம் கருத்து. பொய்ச்சாட்சி தயாரிப்பதும், கள்ளப் பத்திரம் எழுதுவதும், நீதிபதியின் முன் தெரிந்தே பொய்யுரைப்பதும் வழக்கறிஞருக்கு விலக்கப்பட்ட செயல்களே. அவற்றைச் செய்வோர் இல்லாமலில்லை. கலப்பட நெய் விற்போரும்தான் இருக்கின்றனர். அதனால் நெய் வாணிகமே தீவினை என்று எவரும் சொல்வதில்லை.

கடினமான கேள்வி வேறொன்று. பொய்யே சொல்லாத ஒரு வழக்கறிஞர், தமக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லாமலிருக்கலாமா? தம் மௌனத்தால் ஒரு குடும்பம் அழுதுகொண்டிருக்கிறது என்று அறிந்தும் வாய்மூடியிருப்பது வாய்மைக்குள் அடங்குமா, அன்றி அதற்கு இழுக்காகுமா? இது ஏட்டளவில் எழுந்த வினா அன்று. அமெரிக்க நாட்டில், சிறு அலுவலகம் வைத்துத் தொழில் நடத்திய ஒரு வழக்கறிஞரின் நீண்ட வாழ்க்கை இந்த ஒரு வினாவினால் இரண்டாகப் பிளவுபட்டுப் போயிற்று. அவர் பெயர் ஃபிராங்க் அர்மானி. அவருக்கு நேர்ந்ததை அந்நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் மாணவர்க்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாமும் அதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பது நன்று.

நியூயார்க் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவன வானளாவிய கட்டடங்கள். அது மாநகரம். அதே பெயருடைய மாநிலத்தின் உட்பகுதியில், மாநகரிலிருந்து வெகு தொலைவில், சிரக்கியூஸ் என்ற ஊர் உள்ளது. முற்காலத்தில் அங்கே உப்புக் காய்ச்சியதனால் உப்பு நகரம் என்ற பெயரும் அதற்குண்டு. அர்மானி தொழில் நடத்தியது அவ்வூரில்தான்.

அமெரிக்காவில் வழக்கறிஞரை அட்டர்னி என்பர். பாரிஸ்டர் வேறு, சொலிசிட்டர் வேறு என்ற ஆங்கிலேயர் பிரிவினை அங்கில்லை. பத்திரம் எழுதுபவரும் நீதிமன்றத்தில் வாதாடுபவரும் ஒருவராகவே இருக்கலாம். பெருநகரங்களில் நூற்றுக்கணக்கான வழக்கறிஞர்களைக் கொண்ட பெரிய நிறுவனங்கள் கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் பணிபுரிகின்றன. சிறு அலுவலகத்து வழக்கறிஞர் வேறு வகையினர். அவர் உயில் எழுதுவார். வீடு வாங்குவோர்க்குப் பத்திரம் பார்த்துக் கொடுப்பார். சாலை விபத்தில் அடிபட்டவர்க்கு இழப்பீடு பெற்றுத் தருவார். மணமுறிவு வழக்கும் வரும். எப்போதாவது குற்ற வழக்கும் வரும். நம் பக்கத்து முன்சீப் கோர்ட்டு வக்கீலை நினைத்துக்கொண்டால் ஏறத்தாழச் சரியாயிருக்கும்.

இத்தகையவருக்கு முதலீடு சட்டப் புத்தகங்கள் அல்ல, ஊரார் கொண்டுள்ள நம்பிக்கையே. பெரிய நிறுவனத்து வழக்கறிஞர் மாலையில் அலுவலகத்தை விட்டு இறங்கினால் பெருநகரத்துக் கூட்டத்தில் ஒருவராகக் கலந்துவிடலாம். சிறு அலுவலகத்துக்காரருக்கு அது முடியாது. எதிர்க்கட்சிக்காரரைக் கடைவீதியில் காண்பார். தம் பிள்ளை படிக்கும் பள்ளியிலேயே கட்சிக்காரர் பிள்ளையும் படிக்கும். எவர் வீட்டில் எந்தச் சகோதரர்க்குள் பேச்சில்லை, எவர் கடனில் மூழ்கியுள்ளார், எந்த உயிலில் எந்த மகன் பெயர் விடப்பட்டுள்ளது என்பன யாவும் அவர் நெஞ்சில் இருக்கும். அவற்றைச் சுமந்துகொண்டே அவர் எல்லாரோடும் சிரித்துப் பேச வேண்டும். கட்சிக்காரர் ஒப்படைத்த பணத்தைத் தம் பணத்தோடு கலவாமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கறிஞர்களுக்கு இட்ட கண்டிப்பான விதி. இரகசியத்திற்கும் அதுவே விதி எனலாம். வாங்கி வைத்த பொருள், தம்முடையதன்று.

1973-ஆம் ஆண்டுக் கோடையில், மாநிலத்தின் வடகிழக்கேயுள்ள அடிரண்டாக் மலைக்காட்டில் கூடாரமிட்டுத் தங்கியிருந்த இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். பல நாள் தேடுதலுக்குப் பின் ராபர்ட் காரோ என்பவனைக் காவலர் சுட்டுப் பிடித்தனர். பாலியல் வன்கொடுமைக்காக முன்னரே சிறையிருந்து வெளிவந்தவன் அவன். அர்மானி அதற்கு முன்பு வேறு விவகாரங்களில் அவனுக்கு வழக்கறிஞராக இருந்தவர். குற்றம் சாட்டப்பட்டவர் ஏழையாயின் அவருக்கு அரசே வழக்கறிஞர் அமர்த்தித் தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இல் கிடியன் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. அம்முறையில் நீதிமன்றம் அர்மானியையே இவ்வழக்குக்கு நியமித்தது. கொலை வழக்கில் தமக்குப் போதிய பழக்கமில்லை என்பதை உணர்ந்த அவர், ஃபிரான்சிஸ் பெல்ஜ் என்ற குற்றவியல் வழக்கறிஞரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

காரோவின் மனநிலையைக் காரணமாகக் காட்டி வாதாடுவதே அவர்கள் எண்ணம். அதற்காக அவனிடம் நடந்தவற்றையெல்லாம் கேட்டனர். அவன் சொன்னான். வழக்கிலுள்ள கொலையன்றி மேலும் 3 கொலைகளைத் தான் செய்ததாகச் சொன்னான். அவர்களுள் ஒருவருடைய உடல் முன்னரே கிடைத்திருந்தது. எஞ்சிய இருவரும் இளம்பெண்கள். ஒருத்தி சிரக்கியூஸ் நகரத்துப் பள்ளி மாணவி, மற்றொருத்தி வெளியூர்க் கல்லூரி மாணவி. அவர்களைக் காணாமற்போனவர்களாகவே ஊர் தேடிக்கொண்டிருந்தது. உடல்கள் கிடக்கும் இடங்களையும் அவன் கூறினான். (அப்பெண்களின் பெயர்களை இங்கு நாம் எழுதவில்லை. அவர்தம் குடும்பத்தார் பெயர்கள் அச்சிலேறிப் பட்டது போதும்.)

வழக்கறிஞர்கள் இருவரும் தாமே தேடிச் சென்றனர். கைவிடப்பட்ட சுரங்கத்தின் குழியொன்றில் ஓர் உடலைக் கண்டனர். மற்றொன்று சிரக்கியூஸ் நகரத்துக் கல்லறைத் தோட்டத்தின் புதரில் கிடைத்தது. நிழற்படம் எடுத்துக்கொண்டனர். திரும்பி வந்தனர். எவரிடமும் சொல்லவில்லை.

இங்கேதான் நம் மனம் நின்றுவிடுகிறது. கல்லூரி மாணவியின் தந்தை சிகாகோ பக்கத்திலிருந்து புறப்பட்டு வந்து அவ்வழக்கறிஞர்களைச் சந்தித்தார். தம் மகளைக் குறித்து ஏதேனும் தெரியுமா என்று கேட்டார். விடையின்றித் திரும்பிப் போனார். மகள் இருக்கிறாளா இல்லையா என்று அறியாத ஒரு தந்தைக்கு எதிரே, அவள் உடலைக் கண்ணால் கண்டவர் அமர்ந்திருக்கும் அந்த அறையை எண்ணிப் பாருங்கள். இறந்தவர்க்குச் செய்ய வேண்டிய கடன்களை நாம் எவ்வளவு பெரிதாகக் கருதுகிறோம் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். அந்நாட்டாரும் கருதுகின்றனர். இறந்தவர் உடலைத் தக்க முறையில் அடக்கம் செய்ய வேண்டும் என்று நியூயார்க் மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது.

அவ்வாண்டு டிசம்பரில் இரு உடல்களும் தற்செயலாகப் பிறர் கண்ணில் பட்டன. ஆயினும், வழக்கறிஞர்களுக்கு முன்பே தெரியும் என்பது எவருக்கும் தெரியாது. 1974 ஜூனில், ஹாமில்டன் மாவட்டத்தின் தலைமையிடமான லேக் பிளசன்ட் என்னும் சிற்றூரில் விசாரணை நடந்தது. தன் மனநிலை பிறழ்ந்தது என்று நிறுவும் பொருட்டுக் காரோ தானே கூண்டேறி எல்லாக் கொலைகளையும் சொன்னான். அதன்பின் வழக்கறிஞர்கள் தமக்கு முன்னரே தெரியும் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். கட்சிக்காரனே சொல்லிவிட்டமையால் அவர்களைக் கட்டியிருந்த கட்டு அவிழ்ந்தது. காரோ குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 25 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை.

ஊரின் சினம் முழுவதும் வழக்கறிஞர்கள் மேல் திரும்பிற்று. மிரட்டல்கள் வந்தன. அர்மானியின் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினர். ஆண்டுக்கணக்கில் கட்டிய தொழில் சரிந்தது, உடல்நலமும் கெட்டது. கிராண்ட் ஜூரி என்னும் குடிமக்கள் குழுவின் முன் விசாரணை நடந்தது. அர்மானிமேல் குற்றம் சாட்ட அக்குழு மறுத்தது. பெல்ஜ்மேல் சுகாதாரச் சட்டத்தின் இரு பிரிவுகளின்படி, அடக்கம் செய்யத் தவறியமைக்கும் மரணத்தைத் தெரிவிக்கத் தவறியமைக்கும் குற்றம் சாட்டப்பட்டது. 1975-இல் மாவட்ட நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். தன் வாயாலேயே தன்னைக் குற்றப்படுத்திக்கொள்ளுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்னும் அரசியலமைப்பு உரிமை ஒருபுறம். சுகாதாரச் சட்டத்தின் சிறு பிரிவு மறுபுறம். முன்னதே கனமானது என்பது அவர் முடிவு. பெல்ஜ் தம் கடமையையே செய்தார் என்றும் பாராட்டினார்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டில் அம்முடிவை உறுதி செய்தது. ஆனால் ஒரு சொல்லைச் சேர்த்தது. கட்சிக்காரர் நலனைக் காக்க வேண்டிய வழக்கறிஞர், மனிதர்க்குரிய அடிப்படைப் பண்பையும் காக்க வேண்டும் என்னும் கருத்துப்பட எழுதி, இந்த உரிமை எல்லையற்றதா என்பதில் தனக்குள்ள கவலையையும் பதிவு செய்தது. முன்னவர் பாராட்டியதைவிடப் பின்னவர் கவலைப்பட்டதே நமக்கு உகந்ததாய்த் தோன்றுகிறது. 1978-இல் நியூயார்க் மாநில வழக்கறிஞர் சங்கத்தின் நெறிக்குழு, அவர்கள் மௌனம் காத்தது தொழில்நெறிக்கு உடன்பட்டதே என்று கருத்துரைத்தது. அதற்குள் ஆண்டுகள் கடந்துவிட்டன. பெல்ஜ் பின்னர்த் தொழிலை விட்டே விலகினார்.

நடந்தது இவ்வளவுதான். இதை எவ்வாறு எடை போடுவது?

நம் நாட்டுப் பெரியோர் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை ஒன்றுண்டு. வேடன் துரத்திய மான் தவமுனிவர் இருக்கும் குடிலைக் கடந்து ஓடி மறைகிறது. எப்பக்கம் போயிற்று என்று வேடன் கேட்கிறான். உண்மையைச் சொன்னால் உயிர் போகும். பொய் சொன்னால் விரதம் போகும். முனிவர் மௌனமாயிருக்கிறார். இக்கதையை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம், தலையசைத்து ஏற்றிருக்கிறோம். ஆனால் சிரக்கியூஸில் நடந்ததோ இதன் தலைகீழ். அங்கே மௌனம் காத்தது மானை அன்று. வேடனைக் காத்தது. மானின் தாயும் தந்தையும் வாசலில் நின்று கேட்டபோதும் அது கலையவில்லை. ஆகவே முனிவர் கதையை எடுத்துக்காட்டி அர்மானியை நியாயப்படுத்த இயலாது. வேறு அடிப்படை வேண்டும்.

அவ்வடிப்படை நம் நூலிலேயே இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உமாஸ்வாமிகளின் தத்துவார்த்த சூத்திரம், ஏழாம் அத்தியாயத்தில், இல்லறத்தார்க்குரிய வாய்மை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. தீநெறியை நன்னெறியென உபதேசித்தல், மறைவில் நிகழ்ந்ததை வெளிப்படுத்தல், பொய்ப்பத்திரம் எழுதல், அடைக்கலமாக வைத்த பொருளில் வைத்தவர் மறந்த பங்கைத் தருவிக்காமல் அமுக்கிக்கொள்ளல், பிறர் உள்ளக் கருத்தைக் குறிப்பால் அறிந்து அம்பலமாக்கல் என்பன அவை. ஒரு வழக்கறிஞர் சங்கம் உட்கார்ந்து எழுதிய விதிகளைப் போலவே இவை இருப்பது வியப்பு. ஐந்தில் இரண்டு, இரகசியத்தைக் காவாமை பற்றியவை. அதாவது, உண்மையையே சொன்னாலும், சொல்லத் தமக்கு உரிமையில்லாததைச் சொன்னால் வாய்மை பழுதுபடும் என்பது நூலின் துணிபு. அடைக்கலப் பொருளையும் அடைக்கலச் சொல்லையும் ஒரே வரிசையில் வைத்ததன் நுட்பத்தை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம்.

கொலைகாரனின் இரகசியத்தையா சூத்திரம் கருதிற்று என்று கேட்கலாம். இல்லைதான். உரையாசிரியர்கள் பொறாமை முதலிய தீய உணர்வினால் பிறர் மறையை வெளியிடுவதையே சுட்டுகின்றனர். மகளைத் தேடும் தந்தைக்கு இரங்கிச் சொல்வதை அன்று. எனவே சூத்திரத்தைக் காட்டி வழக்கை முடித்துவிட முடியாது. ஆனால் ஒரு திசை தெரிகிறது. சொல் யாருடையது, அது எந்த உறுதியின்மேல் ஒப்படைக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். "நீ சொல்வது என்னோடு இருக்கும்" என்று வழக்கறிஞர் தொழிலே உறுதி கூறுகிறது. அவ்வுறுதி இல்லையேல் காரோ வாய் திறந்திருக்கவே மாட்டான். உடல்கள் எங்கே என்பது வழக்கறிஞர்களுக்கும் தெரிந்திராது. நல்லவன் சொன்னால் காப்பேன், தீயவன் சொன்னால் காவேன் என்று ஆள் பார்த்துக் காப்பது உறுதியாகாது. நாளை பொய்க்குற்றம் சாட்டப்பட்ட ஓர் ஏழை, அதே ஊரில் அதே வழக்கறிஞரிடம் தனக்குப் பாதகமான ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கலாம். அவனும் வாய் திறக்கத் துணிய வேண்டும்.

ஆகவே அவர்கள் மௌனம் காத்ததை நாம் குறை கூறவில்லை. உயிரோடு இருப்பவரைக் காக்க இயலுமாயிருந்தும் வாளாவிருந்தனர் என்று சொல்வதற்கில்லை. கொலை நிகழ்ந்து முடிந்துவிட்டது; கொன்றவனும் சிறையில் இருந்தான்.

நாம் குறை காண்பது வேறோரிடத்தில். இவ்விரகசியத்தை வைத்து அவர்கள் பேரம் பேச முயன்றனர். காரோவைச் சிறைக்கன்றி மருத்துவமனைக்கு அனுப்ப உடன்பட்டால், தீராமல் கிடக்கும் வேறு சில வழக்குகள் தீர வழியுண்டு என்று அரசுத் தரப்புக்குக் குறிப்புக் காட்டினர். அரசுத் தரப்பு அதற்கு இணங்கவில்லை. சட்டப்படி இது தவறன்று; கட்சிக்காரன் நலனைத் தேடுவது வழக்கறிஞர் கடமை; பேரம் படிந்திருந்தால் பெற்றோர்க்கும் செய்தி எட்டியிருக்கும். இவ்வளவும் உண்மை. ஆயினும் அடைக்கலமாகக் காத்து வைப்பது ஒன்று, சந்தைக்குக் கொண்டுபோய் விலை கேட்பது வேறொன்று. இரண்டு தந்தையரின் துயரம் அங்கே தராசுத் தட்டில் ஏறிவிட்டது. மௌனம் தூயதாயிருக்க வேண்டுமானால், அதனால் வரும் ஆதாயத்தையும் விலக்கியிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். வழக்கறிஞர் அன்பர்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்பதை அறிவோம்.

மௌனத்திற்கும் பொய்க்கும் உள்ள எல்லையை அந்நாட்டுச் சட்டம் பின்னர்த் தெளிவாகவே வரைந்தது. 1986-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், கட்சிக்காரன் கூண்டில் பொய் சொல்லப் போவதாகக் கூறியபோது, சொன்னால் நீதிபதியிடம் தெரிவித்துவிடுவேன் என்று அவனுடைய வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். அவன் அதைக் குறையாகக் கூறி மேல்முறையீடு செய்தான். வழக்கறிஞர் செய்தது முறையே என்று நீதிமன்றம் கூறிற்று. கட்சிக்காரன் சொன்னதை மறைக்கலாம். அவன் நீதிமன்றத்தை ஏமாற்றத் துணைபோகலாகாது. முதற்பத்தியில் நாம் குறித்த பெரியவரின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையில்லை.

அர்மானியின் வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1978 செப்டம்பரில் காரோ சிறையிலிருந்து துப்பாக்கியோடு தப்பினான். தேடுவோர் அர்மானியிடம் வந்தனர். தேடுதலின்போது காரோ எவ்வாறு ஒளிந்திருப்பான் என்று, முன்பு அவனிடமே கேட்டறிந்ததைக் கொண்டு அவர் கூறினார்: வெகுதூரம் ஓடமாட்டான், அருகிலேயே புதரில் பதுங்கிக் கிடப்பான். அவ்வாறே சிறைக்கு அண்மையில் அவன் கண்டுபிடிக்கப்பட்டுச் சுடப்பட்டு இறந்தான். 1973-இல் வாய் திறவாதவர் 1978-இல் திறந்தார். முரண்பாடு என்று சிலர் கூறக்கூடும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. முன்னது நிகழ்ந்துபோன கொலை. பின்னது நிகழக் காத்திருந்த கொலை. இவ்வேறுபாட்டையே அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1983-இல் வகுத்த மாதிரி நெறிமுறைகளிலும் காண்கிறோம். உடனடியாக உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு விளைவிக்கும் குற்றத்தைக் கட்சிக்காரர் செய்யாமல் தடுப்பதற்கு இரகசியத்தை வெளியிடலாம் என்று அது இடமளித்தது. 2002-இல் அவ்வாயிலைச் சற்றே அகலமாக்கினர். தீங்கு கட்சிக்காரராலேயே விளைய வேண்டும் என்ற நிபந்தனை நீங்கிற்று.

ஆயினும் இந்த அளவுகோலும் ஓரிடத்தில் நம்மைக் கைவிடுகிறது. 1982 ஜனவரியில் சிகாகோவில் ஓர் உணவகத்தின் காவலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆல்டன் லோகன் என்பவருக்கு அதற்காக ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் சுட்டவன் ஆண்ட்ரூ வில்சன் என்ற வேறொருவன். வேறு கொலை வழக்கில் தனக்காக வாதாடிய அரசு வழக்கறிஞர் இருவரிடம் அதை அவன் ஒப்புக்கொண்டிருந்தான். அவர்கள் அதை எழுதிக் கையொப்பமிட்டு, முத்திரையிட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தனர். தான் இறந்தபின் சொல்லலாம் என்று மட்டும் அவன் இசைந்திருந்தான். 2007-இல் அவன் இறந்தான். 2008-இல் பெட்டி திறந்தது, லோகன் விடுதலையானார். இடையில் 26 ஆண்டுகள். லோகனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தால் எப்படியேனும் சொல்லியிருப்போம் என்று அவ்வழக்கறிஞர்கள் கூறினர். அங்கே அவர்கள் கோடு கிழித்துக்கொண்டனர்: உயிர் போவதாயின் பேசலாம்; வாழ்நாள் போவதாயின் பேசலாகாது.

இக்கோட்டை நாம் ஏற்க இயலவில்லை. சிரக்கியூஸ் மௌனத்தில் நிகழ்ந்துபோன தீங்கே மறைந்திருந்தது. சிகாகோ மௌனத்திலோ தீங்கு ஒவ்வொரு நாளும் புதிதாக நிகழ்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும் குற்றமற்ற ஒருவர் சிறைக்கம்பிக்குப் பின்னால் கண்விழித்தார். அடைக்கலச் சொல்லைக் காப்பதற்காகப் பிறனொருவன் வாழ்நாளைக் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை. தன் வாழ்நாளைக் கொடுக்கலாம். அந்த வழக்கறிஞர்கள் விதியை மீறிப் பேசித் தொழிலை இழந்திருக்கலாமே என்று நம் மனம் கேட்கிறது. வெளியிலிருந்து கேட்பது எளிது என்பதையும் மறக்கவில்லை. அவர்கள் பேசினால் வில்சனுக்கு மரண தண்டனை வந்திருக்கலாம். அதுவும் ஓர் உயிரே. மாசசூசெட்ஸ் மாநிலம் இவ்விடத்தில் வேறு வழி காட்டுகிறது. தவறாக ஒருவர் சிறைப்படுவதைத் தடுப்பதற்கு வழக்கறிஞர் வாய் திறக்கலாம் என்று அங்கே விதியிலேயே எழுதிவிட்டனர்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் பழமையானதே. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 126-ஆம் பிரிவில், கட்சிக்காரர் சொன்னதை அவர் இசைவின்றி வழக்கறிஞர் வெளியிடலாகாது என்று விதித்தது. சட்டவிரோதமான நோக்கத்தை நிறைவேற்றச் சொல்லப்பட்டது அதற்கு விலக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 132-ஆம் பிரிவு அதே கருத்தைத் தொடர்கிறது. பழைய சட்டத்திலும் புதியதிலும் ஒரு குறிப்பு உண்டு. தொழில் உறவு முடிந்தபின்னும் இக்கடமை நீடிக்கும். கட்சிக்காரர் இறந்தாலும் இரகசியம் இறவாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1998-இல் தீர்ப்புக் கூறியுள்ளது.

ஆக, மற்றத் தொழில் செய்வோர் ஓய்வு பெறுவதுபோல் வழக்கறிஞர் முழுமையாக ஓய்வு பெறுவதில்லை. ஆசிரியர் தம் மாணவரைப் பற்றி மாலை முழுதும் பேசலாம். உழவர் எந்த ஆண்டு எந்தக் கழனியில் எத்தனை மூட்டை விளைந்தது என்று சொல்லி மகிழலாம். அலுவலகப் பலகையைக் கழற்றி, கட்டுகளை ஒப்படைத்துவிட்ட முதிய வழக்கறிஞருக்கோ, தம் வாழ்வில் மிகக் கனமான நாட்கள் எவையோ அவற்றையே சொல்ல உரிமையில்லை. அர்மானியின் நாட்கள் அவன் வாயாலேயே நீதிமன்றத்தில் வெளிவந்துவிட்டன. அதனால் அவர் மெல்ல மெல்லத் தொழிலை மீட்டெடுக்கவும், 1984-இல் இன்னொருவரோடு சேர்ந்து நூலாக எழுதவும், 2016-இல் ஓய்வு பெற்ற முதியவராக ஒரு வானொலி நிகழ்ச்சியில் மீண்டும் அதைப் பேசவும் முடிந்தது. அவரைப் போன்ற மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

நம் உறவினருள்ளும் நாற்பது, ஐம்பது ஆண்டு கோர்ட்டுக்குப் போய்வந்து, இப்போது திண்ணையில் செய்தித்தாளோடு அமர்ந்திருப்பவர் இருக்கக்கூடும். அந்தப் பாகப்பிரிவினை வழக்கில் உண்மையில் என்னதான் நடந்தது என்று விருந்தினர் கேட்பர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, மழை வருமா என்று விசாரிப்பார். வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.